முள்

காருக்கு அடியில் சிமெண்ட் தரையில்
ஒரு பச்சைப் பொட்டு.
மறுநாள் உள்ளங்கை அகலம்.
மூன்றாம் நாள் பூனை வந்து நக்கப் பார்த்தது,
துடைப்பத்தை எறிந்து விரட்டினேன்.

லோ கிம் ஹுவாட் படுத்துப் போய்
டார்ச் அடித்துப் பார்த்தான்.
"ரேடியேட்டர் மாத்தணும். முந்நூத்தம்பது வெள்ளி."
நான் காரை விற்கப்போவதைச் சொல்லவில்லை.
ஈப்போவில் மகள், விடுதிக் கட்டணம்,
அதையும் சொல்லவில்லை.
அவன் அலமாரியில் தூசியோடு நின்ற
சின்ன டின்னைக் கேட்டேன்.
பதினாறு வெள்ளி தொண்ணூறு காசு.
கொடுக்கும்போது சொன்னான்:
"இதுக்குக் கண்ணு இல்லே அக்கா.
ஓட்டை எது, தண்ணி போற வழி எது,
அதுக்குத் தெரியாது.
பார்த்த எடத்தையெல்லாம் அடைக்கும்."

என்ஜின் ஆறியபின் ஊற்றினேன்.
ஆறிப்போன மைலோவில்
யாரோ ஜிகினாவைக் கொட்டிக் கலக்கினாற்போல.
இருபது நிமிடம் ஓடவிட்டுக்
கீழே பழைய நாளிதழை விரித்துவைத்தேன்.
தாள் நனையவில்லை.
காலிடின்னை வீட்டுக் குப்பையில் போடாமல்
செம்பனைக்காட்டு வாய்க்கால்வரை
நடந்துபோய் எறிந்தேன்.

ஆலையின் எடை மேடையில் எனக்கு வேலை.
குலைகளுக்கு அடியில் ஈரமணலைக் கொட்டி
கனம் கூட்டிவரும் லாரிகளை
டயரின் பிதுங்கலை வைத்தே சொல்லிவிடுவேன்.
லங்காப் முழுக்க எனக்கு அந்தப் பெயர் உண்டு:
தவமலரை ஏமாற்ற முடியாது.

வாங்க வந்தவன் ஆலை ஆய்வுக்கூடத்துப் புதுப் பையன்,
இளஞ்சேரன்.
சுற்றி வந்தான். கதவை இருமுறை சாத்தினான்.
மூவாயிரம் என்றேன்.
எல்லாரும் ஐந்நூறு குறைப்பார்கள்,
ஆயிரம் குறைப்பார்கள்.
அவன் இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது என்றான்.
விசித்திரக் கணக்காக இருக்கிறதே என்று
ஒரு கணம் தோன்றியது.
பணத்தை எண்ணியதில் மறந்துபோனது.

புஸ்பாகோமில் எண்ணைச் சரிபார்த்தார்கள்.
பெயர் மாறியது.
அதற்குப் பிறகுதான் அவன் மனைவியைப் பார்த்தேன்,
மளிகைக்கடை வாசலில்
இடுப்பில் கைவைத்து நின்றாள். ஏழு மாதம்.
தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு
என் பழைய இஸ்வாராவில்தான் போகிறார்களாம்.

அன்றிலிருந்து எடை மேடையிலிருந்து
சாலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.
வெள்ளையாய் எது எழும்பினாலும் வயிறு கலங்கும்.
ஆலைப் புகையாக இருக்கும்,
கொசுமருந்து வண்டியாக இருக்கும்.
ஒருமுறை வெறும் கொக்கு.

சனிக்கிழமை மழை. மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை.
"ஏறுங்கக்கா" என்று கதவைத் திறந்துவிட்டான்.
ஏறினேன், என் காரில், விருந்தாளியாக.
அவன் எண்ணெய் விலையைப் பேசினான்,
குழந்தைக்கு ஒரு பெயர் சொன்னான்.
எனக்குக் காதில் விழவில்லை.
நான் வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் நின்றது.
பாலத்தில் ஏறும்போது ஒரு மயிரிழை நகர்ந்தது.

"தம்பி, அந்த ரேடியேட்டர்ல..."

"தெரியும்கா" என்றான் வைப்பரைக் கூட்டியபடி.
"நீங்க ரசீது எடுக்க உள்ள போனப்பவே
மூடியைத் தொறந்து பாத்தேன். மினுங்குச்சு.
லோகிட்ட வெலையும் கேட்டேன்."

"மாத்தலையா?"

"மாத்தணும்" என்றான்.
கொஞ்ச தூரம் போனபின்,
"அடுத்த மாசம்" என்றான்.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.
துடைக்கத் துணி இருக்குமா என்று
முன்பெட்டியைத் திறந்தேன்.
துணி இருந்தது.
துணிக்குப் பின்னால் அதே சின்ன டின்,
முத்திரை உடைக்காமல்.

அவன் பார்த்தான், நான் பார்த்ததை.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியை மெல்ல மூடினேன்.
அது எப்போதும் முதல்தடவை மூடாது,
இரண்டாம்தடவை தட்ட வேண்டும்.
தட்டினேன்.